இளைஞர் குற்றமும் பாழடைந்த தெருக்களும்: உள்ளாட்சியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டு கூட்டமோ நகர்மன்றக் கூட்டமோ, "பையன்கள் கெட்டுப்போகிறார்கள், தெரு நாறிக்கிடக்கிறது" என்ற பேச்சு எழுந்தால் சுற்றிச் சுற்றி வரும் கேள்விகள் இவை. உலகின் பல நகரங்கள் செய்துபார்த்ததை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். ஜெயித்தவை மட்டும் இல்லை, ஊற்றிக்கொண்டவையும் உண்டு.

குற்றவாளியைப் பிடிப்பது போலீஸ் வேலை. இதில் மாநகராட்சிக்கு என்ன சம்பந்தம்?

குற்றம் நடந்த பிறகு வருவது போலீஸ். குற்றத்துக்கு வசதியான இடத்தை வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டுவைப்பது பெரும்பாலும் உள்ளாட்சி. எரியாத விளக்கு, கதவில்லாத காலிக் கட்டடம், ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிய மனை, பள்ளி விடும் நேரத்தில் பூட்டிக்கிடக்கும் மைதானம்: இதில் எதற்கும் காவல் நிலையத்தில் சாவி கிடையாது. பல நாடுகளில் போலீஸ் மேயருக்குக் கட்டுப்பட்டதும் இல்லை. ஆனால் விளக்கு, குப்பை, கட்டட விதி, பூங்கா, சொத்துவரி, விடுமுறைக்கால வேலைத் திட்டம் எல்லாம் நகர்மன்றத்தின் கையெழுத்தில் ஓடுபவை. எளிய, பளபளப்பில்லாத இந்த வேலைகளுக்குத்தான் நல்ல சான்று இருக்கிறது. கைதட்டல் வாங்கும் அறிவிப்புகள் பலவற்றுக்கு இல்லை. கீழே வரும் பதில்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

ஏழைகள் வாழும் இடத்தில் குப்பையும் இருக்கும், குற்றமும் இருக்கும். குப்பைதான் குற்றத்துக்குக் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நியாயமான சந்தேகம். வெறும் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லவும் கூடாது. அதனால்தான் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த சோதனைக்கு இவ்வளவு மதிப்பு. புது மருந்தைச் சோதிக்கும் முறையிலேயே, 541 காலி மனைகளைக் குலுக்கல் போட்டு மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் முழுச் சீரமைப்பு. இன்னொன்றில் குப்பை அள்ளுவதும் புல் வெட்டுவதும் மட்டும். மூன்றாவதை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். முடிவுகள் 2018இல் வெளிவந்தன.

முழுச் சீரமைப்பு என்றதும் பூங்கா, நீரூற்று என்று கற்பனை செய்ய வேண்டாம். குப்பையை அள்ளி, தரையைச் சமன்செய்து, புல் விதைத்து, நாலைந்து மரக்கன்று நட்டு, சுற்றிலும் தாழ்வாக ஒரு மரவேலி போட்டார்கள். வேலியில் ஆள் நுழைய இடைவெளி உண்டு. லாரி பின்னால் வந்து குப்பை கொட்டிவிட்டுப் போகத்தான் வழி கிடையாது. அந்தச் சின்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மனையைப் பூட்டிவைக்கவில்லை, யாருக்குத் திறந்துவிட வேண்டுமோ அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 5 டாலர் செலவு. பராமரிப்புக்கு ஆண்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு.

வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. வெளியே வரப் பயமாக இருக்கிறது என்ற எண்ணம் 58 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. திறந்தவெளியில் உட்கார்ந்து பேசுவது, இளைப்பாறுவது முக்கால் மடங்குக்கு மேல் கூடியது. மனச்சோர்வாக இருக்கிறது என்று சொன்னவர்களும் 41 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். அதே ஏழ்மை, அதே மக்கள், அதே தெரு. மாறியது மனை மட்டுமே.

ஏன் இப்படி என்பதற்கு அங்கே குடியிருப்பவர்களே விளக்கம் சொன்னார்கள். புதருக்குள்தான் துப்பாக்கியை ஒளித்துவைப்பார்கள். உடம்பில் வைத்திருந்தால் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். புதர் போனால் ஒளிக்க இடமில்லை. கூடவே, சுத்தமான இடத்துக்குப் பெரியவர்கள் வந்து உட்கார ஆரம்பிக்கிறார்கள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் வியாபாரமும் நடக்காது, வம்பும் வளராது.

அப்படியானால் 'உடைந்த ஜன்னல்' கோட்பாடு சரிதானே? சின்னத் தப்புக்கும் பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே?

பாதி சரி. 1982இல் ஜேம்ஸ் கியூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் முன்வைத்த வாதம் அது. உடைந்த ஒரு ஜன்னலைச் சரிசெய்யாமல் விட்டால், இங்கே கேட்பாரில்லை என்ற செய்தி பரவி மற்ற ஜன்னல்களும் உடையும் என்றார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 2008இல் இதைத் தெருவிலேயே சோதித்தார்கள். தபால் பெட்டியிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓர் உறையைச் செருகிவைத்தார்கள். உள்ளே 5 யூரோ நோட்டு இருப்பது வெளியிலிருந்தே தெரியும். பெட்டி சுத்தமாக இருந்தபோது அதை எடுத்துக்கொண்டு போனவர்கள் 13 சதவீதம். பெட்டியில் கிறுக்கிவைத்திருந்தபோது 27 சதவீதம். போனவர் வந்தவர் எல்லாம் திருடர்கள் இல்லை, சாதாரண ஜனங்கள்தான்.

ஆனால் இந்தக் கோட்பாட்டிலிருந்து பல நகரங்கள் எடுத்துக்கொண்ட பாடம் ஜன்னலைச் சரிசெய்வது அல்ல, ஜன்னல் பக்கம் நின்றவனைப் பிடிப்பது. மாசசூசெட்ஸின் லோவல் நகரில் குற்றம் அதிகமான 34 இடங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. நடவடிக்கை எடுத்த இடங்களில் போலீஸுக்கு வரும் அழைப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எதனால் குறைந்தது என்று பிரித்துப் பார்த்தால், சில்லறைக் கைதுகளைவிட மனையைச் சுத்தம்செய்தது, காலிக் கட்டடத்தை அடைத்தது, விளக்குப் போட்டது ஆகியவற்றின் பங்கே பெரிது.

பாழடைந்த வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது இல்லையா?

டெட்ராய்ட் நகரம் இந்த வழியில் போனது. கார் ஆலைகள் சுருங்க, மக்கள் வெளியேற, 2013இல் நகர நிர்வாகமே திவால் மனு போட்டது. அடுத்த ஆண்டு சுமார் 3,80,000 மனைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். பாழடைந்தவை, பாழடையும் நிலையில் உள்ளவை என்று 84,641 இடங்கள் தேறின. 2020 நவம்பரில் இடிப்புக்கும் சீரமைப்புக்கும் 25 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். இடித்த இடங்களைச் சுற்றித் துப்பாக்கித் தாக்குதல்கள் 11 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. ஆக, இடிப்பதால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது.

சிக்கல் மறுநாள் ஆரம்பிக்கிறது. வீடு இருந்த இடம் இப்போது காலி மனை. புல் வெட்ட ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் இரண்டே மழையில் அது குப்பைமேடாகும். இடிப்புக்கு டெண்டர் விடும் கோப்பில் பராமரிப்புக்கு ஒரு வரிகூட இல்லாததை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஜே.சி.பி. வரும் நாளில் கேமரா வரும், புல் வெட்டும் நாளில் யார் வருவார்கள்?

பூட்டிக்கிடக்கும் எல்லா வீடும் இடிக்க வேண்டிய வீடும் அல்ல. சுவரும் கூரையும் நன்றாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. பிலடெல்பியா 2011இலிருந்து ஒரு விதியைக் கறாராக அமல்படுத்தியது. மக்கள் குடியிருக்கும் தெருவில் வீட்டைக் காலியாகப் போட்டிருக்கும் உரிமையாளர் அதற்கு ஒழுங்கான கதவும் ஜன்னலும் போட்டே ஆக வேண்டும். பலகை வைத்து ஆணி அடித்தால் செல்லாது. போடாவிட்டால் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு நாளைக்கு 300 டாலர் அபராதம். நாலு ஜன்னல், ஒரு கதவு என்றால் தினம் 1,500 டாலர். உரிமையாளர்களில் ஒரு பகுதியினராவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையை முடித்தார்கள். சரிசெய்த வீடுகளைச் சுற்றித் தாக்குதல் குற்றங்கள் குறைந்தன. நகர நிர்வாகத்துக்கு ஆன செலவு நோட்டீஸும் ஆய்வாளர் சம்பளமும்தான்.

உரிமையாளர் யாரென்றே தெரியவில்லை. வரி பாக்கி, வாரிசுச் சண்டை, வெளியூர்க்காரர். அப்போது?

உள்ளாட்சிகள் கைகழுவும் இடம் இதுதான். அமெரிக்க நகரங்கள் பல இதற்காக நில வங்கி என்ற அமைப்பை வைத்திருக்கின்றன. நெடுநாள் வரி கட்டாத சொத்தைச் சட்டப்படி எடுத்து, வில்லங்கத்தைத் தீர்த்து, பயன்படுத்தக்கூடியவர் கையில் கொடுப்பது அதன் வேலை. டெட்ராய்டில் பக்கத்து வீட்டுக்காரர் காலி மனையை 100 டாலருக்கு வாங்கித் தன் மனையோடு சேர்த்துக்கொள்ளலாம். ஏலம் விட்டுக் காசு பார்ப்பதைவிட இது லாபம். மனைக்கு ஒரு சொந்தக்காரர் கிடைக்கிறார், வரி வர ஆரம்பிக்கிறது, புல் வெட்டும் செலவும் நகராட்சி தலையிலிருந்து இறங்குகிறது.

தெருவிளக்கு உண்மையிலேயே குற்றத்தைக் குறைக்குமா?

குறைக்கும். 2016இல் நியூயார்க் நகரம் எண்பதுக்கு நெருக்கமான பொதுக் குடியிருப்பு வளாகங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் பாதிக்கு மட்டும் உயரமான விளக்குக் கோபுரங்களை நிறுத்தியது. இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தன. கைது கூடியதால் வந்த பலன் இல்லை இது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகல்போல் வெளிச்சம் அடிக்கும் கோபுரத்துக்குக் கீழே தூங்கவும் வேண்டும் மக்கள். ஆகவே நிரந்தரமாக விளக்குப் போடும்போது திசையும் உயரமும் பார்த்துப் போட வேண்டும்.

சிசிடிவி?

வாகன நிறுத்துமிடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. தெருச் சண்டையையும் வெட்டுக்குத்தையும் தடுப்பதில் பலன் மிகக் குறைவு. விளக்குக்கும் கேமராவுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் விளக்கை வாங்குங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே வரக்கூடாது என்று தடை போடலாமா?

போடலாம், குற்றம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்த வகைத் தடைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த மதிப்பீடு, குற்றம் குறைந்ததற்கு ஆதாரமில்லை என்றது. வாஷிங்டனில் இன்னும் விநோதம். ஆய்வு நடந்த காலத்தில் அங்கே இளையோர் தடை ஆண்டின் சில மாதங்களில் இரவு 11 மணிக்கும் மற்ற மாதங்களில் நள்ளிரவிலும் தொடங்கியது. அந்த இடைப்பட்ட ஒரு மணி நேரத்தைத் துப்பாக்கிச் சத்தம் பதிவுசெய்யும் கருவிகளை வைத்து ஒப்பிட்டார்கள். தடை இருந்த காலத்தில் சத்தம் கூடியிருந்தது. காரணம் யோசித்தால் புரியும். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள்தான் வீட்டுக்குப் போனார்கள். தெரு வெறிச்சோடியது. வெறிச்சோடிய தெரு யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

சிறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால் பயம் வராதா?

வரும், பிறகு போய்விடும். அதோடு நின்றால் பரவாயில்லை. 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆரம்பித்துப் பல நாடுகளுக்குப் பரவிய முறை இது. ஆயுள் கைதிகள் பையன்கள் முகத்துக்கு நேரே கத்துவார்கள், மிரட்டுவார்கள். ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் ஈடுபட்டது தெரிந்தது. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருந்தும் இன்றைக்கும் யாராவது ஒரு அதிகாரி இதைப் புது யோசனையாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்தக் காலத்துப் பையன்கள் எல்லோருமே இப்படித்தானா?

இல்லை. 1945இல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த ஏறத்தாழ பத்தாயிரம் பையன்களின் போலீஸ் பதிவுகளை 18 வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. அவர்களில் 6 சதவீதம் பேர்தான் மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். மற்றவர்களில் பலர் ஒருமுறை மாட்டியதோடு சரி. பதின்பருவத்தின் பின்பாதியில் உச்சத்துக்குப் போகும் குற்றம் இருபதுகளில் தானாகவே இறங்குவது நாடு நாடாகக் காணப்படும் போக்கு.

இதிலிருந்து நிர்வாகத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. பாஸ்டனில் 1990களில் இளைஞர் கொலைகள் பெருகியபோது, மொத்தத் தெருவையும் வளைக்காமல், வன்முறையில் உழலும் சின்னச் சின்னக் கும்பல்களை நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். கூட்டத்தில் போலீஸும் அரசு வழக்கறிஞரும் மட்டுமல்ல, தேவாலயத்தாரும் தெருப் பணியாளர்களும் இருந்தார்கள். சொன்னது இரண்டே விஷயம். அடுத்த துப்பாக்கிச் சூடு எந்தக் கும்பலிலிருந்து வருகிறதோ அந்தக் கும்பல் முழுவதன் மீதும் எல்லாத் துறைகளின் கவனமும் திரும்பும். வெளியே வர விரும்பினால் வேலை, படிப்பு, உதவி இதோ. 1996இல் ஆரம்பித்தது. மாதந்தோறும் நடந்த இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். பிறகு பொறுப்பில் இருந்தவர்கள் மாற, திட்டம் தேய்ந்தது. ஆள் மாறினால் செத்துப்போகும் திட்டத்தை, திட்டம் என்று எப்படிச் சொல்வது?

விடுமுறையில் வேலை கொடுப்பதால் என்ன ஆகப்போகிறது? அந்தக் காசையும் ஊதித்தள்ளத்தானே போகிறார்கள்?

சிகாகோவில் 2012 கோடையில் நடந்ததைப் பாருங்கள். வன்முறை அதிகமான வட்டாரங்களின் 13 உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்த 1,634 பேர். இடங்கள் குறைவு என்பதால் குலுக்கல். தேர்வானவர்களுக்கு எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி. முகாமில் மேற்பார்வை, சமூகத் தோட்டத்தில் வேலை, அலுவலக உதவி இப்படிச் சாதாரண வேலைகள். கூடவே, பஸ் தவறினால் யாருக்கு போன் செய்வது, மேலதிகாரி கோபமாகப் பேசினால் எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லித்தர ஒரு பெரியவர்.

அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைத்தவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது, கிடைக்காதவர்களோடு ஒப்பிட 43 சதவீதம் குறைந்தது. இந்தக் குறைவில் பெரும்பகுதி வந்தது, எட்டு வார வேலை முடிந்த பிறகு. அதாவது, வேலையில் இருந்ததால் தெருவில் நிற்க நேரமில்லை என்ற எளிய விளக்கம் இங்கே செல்லாது. திருட்டுக் குற்றங்களில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. காசு கையில் இருந்ததைவிட, முறைப்பு வந்தால் அடியில் முடியாமல் நடந்துகொள்ளப் பழகியதே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

உள்ளாட்சி கவனிக்க வேண்டிய இன்னொன்று: சம்பளம் நாள் தவறாமல் வர வேண்டும். முதல் சம்பளமே இரண்டு மாதம் இழுத்தால், அரசாங்கத்தை நம்பக்கூடாது என்று அவனுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லிவைத்ததை நாமே நிரூபித்ததாகிவிடும்.

கோபத்தை அடக்கச் சொல்லித்தர முடியுமா என்ன?

அதே சிகாகோவில் பள்ளி நேரத்தில், வாரம் ஒருமுறை, பத்துப் பன்னிரண்டு பையன்கள் வட்டமாக உட்காரும் ஒரு திட்டம் இருக்கிறது. அதில் முதல் விளையாட்டு இது. இரண்டு பேர் ஜோடி சேர வேண்டும். ஒருவன் கையில் பந்து. அடுத்தவன் 30 வினாடிக்குள் அதை வாங்க வேண்டும். பையன்கள் பாய்வார்கள், கையை முறுக்குவார்கள், தரையில் உருள்வார்கள். நேரம் முடிந்ததும் நடத்துபவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ஏன் யாருமே பந்தைக் கொடு என்று கேட்கவில்லை? கேட்டால் கொடுத்திருக்க மாட்டான் என்பார்கள். பந்து வைத்திருந்தவனைக் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே என்பான். குலுக்கல் முறைச் சோதனைகளில், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம்வரை குறைந்தன.

மைதானம், இளைஞர் கிளப் எல்லாம் வெட்டிச் செலவு என்கிறார்கள்.

மூடிப் பார்த்த நகரத்தைக் கேட்கலாம். லண்டனில் 2010க்கும் 2019க்கும் இடையில் சிக்கன நடவடிக்கையால் இளைஞர் கிளப்புகளில் சுமார் 30 சதவீதம் மூடப்பட்டன. பக்கத்துக் கிளப்பை இழந்த 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குற்றத்தில் ஈடுபடுவது 14 சதவீதம் கூடியது, தேர்வு மதிப்பெண்ணும் சரிந்தது என்று 2024இல் வந்த ஆய்வு காட்டியது. மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு ஏறத்தாழ மூன்று பவுண்டு நஷ்டம் என்று கணக்கும் போட்டிருந்தார்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு திறக்கவும் கூடாது. பாஸ்டன் பக்கம் 1939இல் ஆரம்பித்த ஒரு பெரிய முயற்சியில் 506 பையன்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், படிப்பு உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், உதவி பெற்றவர்களே மோசமாக இருந்தார்கள். அதிலும் திரும்பத் திரும்பக் கோடை முகாமுக்குப் போனவர்கள் நிலை இன்னும் மோசம். தடம்புரளும் பையன்களை ஒரே கூடாரத்தில் அடைத்தால் ஒருவனிடம் இருக்கும் வித்தை எல்லோருக்கும் போய்விடும். கிளப்பில் எல்லா வகைப் பிள்ளைகளும் இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். கேரம் போர்டை வாங்கிப் போட்டுவிட்டுச் சாவியைப் பையன்களிடம் கொடுப்பது கிளப் அல்ல.

பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

உண்மைதான். வியன்னாவில் 1990களில் எடுத்த ஆய்வில், பத்து வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதைக் கண்டார்கள். இருந்த ஒரே பெரிய திடலைப் பையன்கள் பிடித்துக்கொண்டதுதான் காரணம். 1999இல் இரண்டு பூங்காக்களில் நடைபாதை சேர்த்து, திடலைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, விளக்குப் போட்டார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

பிடிபட்ட பையன்மீது வழக்குப் போடாவிட்டால் குளிர்விட்டுப் போகாதா?

கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. முதல்முறை செய்த சில்லறைக் குற்றங்களைப் பொறுத்தவரை, முறையான வழக்கு நடைமுறைக்குள் இழுக்கப்பட்ட சிறுவர்களையும் எச்சரித்தோ வேறு சேவைக்கு அனுப்பியோ விடப்பட்டவர்களையும் ஒப்பிட்ட 29 சோதனைகளின் தொகுப்பு 2010இல் வந்தது. வழக்குக்குள் போனவர்களே மறுபடி அதிகம் தவறினார்கள். நியூசிலாந்து 1989இல் கொண்டுவந்த சட்டப்படி, சிறுவன், குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து என்ன ஈடு செய்வது என்று பேசி முடிவெடுக்கும் கூட்டமே நடுநாயகம். உடைத்த கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது பையனுக்குச் சுலபமான தண்டனை அல்ல. அறையும் ஒருங்கிணைப்பாளரும் கொடுக்க எந்த உள்ளாட்சியாலும் முடியும்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் விட வேண்டும். பிடிபட்ட சிறுவர்களின் படத்தை வாட்ஸப் குழுவில் போடுவது. 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, வழக்கில் சிக்கிய குழந்தையின் அந்தரங்கம் எல்லாக் கட்டத்திலும் காக்கப்பட வேண்டும் என்கிறது. அந்தப் படம் அவன் வேலைக்கு மனுப்போடும் காலத்திலும் அவன் கூடவே வரும்.

ஒரு தெருவைச் சரிசெய்தால் குற்றம் அடுத்த தெருவுக்குப் போய்விடும்தானே?

கேட்கத் தர்க்கமாக இருக்கும், நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இதை மட்டுமே குறிவைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. நடவடிக்கை எடுத்த இடங்களைச் சுற்றியிருந்த பகுதிகளுக்குக் குற்றம் நகரவில்லை, அங்கேயும் கொஞ்சம் குறைந்தது. ஓர் இடத்தின் வசதிகள், பழகிய வாடிக்கை, தப்பி ஓடும் சந்து எல்லாம் அடுத்த தெருவில் அப்படியே கிடைத்துவிடாது.

பெரிய அளவில் மாறிய நகரம் ஏதாவது உண்டா?

கொலம்பியாவின் மெடெயின். 1991இல் லட்சம் பேருக்கு 380 பேர் கொல்லப்பட்ட ஊர். 2004இல் மலைச்சரிவுக் குடிசைப் பகுதிகளுக்குக் கேபிள் கார் பாதை போட்டு நகர மெட்ரோவோடு இணைத்தார்கள். அதைச் சுற்றி நூலகம், பள்ளி, நடைபாதை, பாலம், விளக்கு எல்லாம் வந்தன. பாதை வந்த பகுதிகளில் கொலை விகிதம் குறைந்த அளவு, அதேபோன்ற மற்ற பகுதிகளைவிட 66 சதவீதம் கூடுதல். நாட்டிலேயே வன்முறை குறைந்த காலம் அது என்பதால் முழுப் புகழையும் கேபிள் காருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நல்ல கட்டடத்தை ஏழைகள் இருக்கும் இடத்தில் கட்டு என்ற முடிவு அந்த நகர நிர்வாகத்துடையது.

தெரு அழகானால் வாடகை ஏறும், எங்களைத் துரத்திவிடுவார்களே?

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாழடைந்த பகுதி என்று அறிவித்து ஒரு வட்டாரத்தையே கையகப்படுத்த அனுமதித்தது. தென்மேற்கு வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், வெளியேற்றப்பட்டன. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த கடையும் சேர்ந்து போனது. ஆகவே யாரைக் கேட்டு "பாழ்" என்று முத்திரை குத்துகிறார்கள் என்று கேட்பது குடிமக்களின் உரிமை. மனைமனையாகச் செய்யும் சின்ன வேலைகளை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். புல் வெட்டுவதால் யாரும் வீடிழப்பதில்லை. பெரிய திட்டம் என்றால் வாடகைப் பாதுகாப்பும், அதே இடத்தில் மறுகுடியமர்த்தலும் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் நகராட்சியில் பணமே இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

ஒரு வரைபடம் போதும். போலீஸ் புகார்கள் வந்த இடங்களை அதில் குறியுங்கள். எரியாத விளக்கு, திறந்துகிடக்கும் காலி வீடு, குப்பை கொட்டும் மனை ஆகியவற்றையும் அதன்மேல் குறியுங்கள். நடந்துபோய்ப் பார்த்துக் குறிக்க வேண்டும், அதுவும் இருட்டிய பிறகு ஒருமுறை. புள்ளிகள் குவியும் நாலைந்து தெருத் துண்டுகள் கண்ணில் படும். ஊர் முழுவதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவாமல், அங்கே மட்டும் ஓராண்டு முழுக்கச் செலவழியுங்கள். சுத்தம்செய்யும் வேலைக்கு அந்தத் தெருப் பையன்களையும் பெண்களையுமே கூலி கொடுத்துச் சேர்த்தால் ஒரே பணத்தில் இரண்டு காரியம்.

தொடங்கும் முன்பே கணக்கெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரைப் பிடித்தோம் என்பது அளவுகோல் அல்ல. போலீஸ் அழைப்புகள், அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள், மாலை ஏழு மணிக்குத் தெருவில் நடமாடும் பெண்கள், மூன்று நாளைக்குள் சரிசெய்யப்பட்ட விளக்குகள்: இவற்றை எண்ணலாம். பக்கத்தில் கைவைக்காத இன்னொரு தெருவையும் அதேபோல் எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஊர் முழுக்கக் குறைந்ததை உங்கள் சாதனையாக நினைத்துக்கொள்வீர்கள்.

புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. குடியிருப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

தனித்தனியாகப் புலம்பாமல், தெருவின் பெயரில் ஒரே மனுவாகக் கொடுங்கள். பொதுவாக "தெரு மோசம்" என்று எழுதினால் கோப்பு அலமாரிக்குப் போகும். விளக்குக் கம்பத்தின் எண், மனையின் கதவு எண், தேதியோடு புகைப்படம், எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்ற குறிப்பு ஆகியவை இருந்தால் எந்தப் பிரிவு பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரவேண்டாம். பட்ஜெட் கூட்டத்துக்கு முந்தைய மாதம் கவுன்சிலரைப் பாருங்கள், அதற்குப் பிறகு போனால் அடுத்த வருஷம்தான். கேட்கும்போது ஒருமுறை சுத்தம்செய்யக் கேட்காதீர்கள். வளரும் பருவத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை புல் வெட்டும் ஒப்பந்தமும், அதற்கான தொகை எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படுகிறது என்பதும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.